சிப்பித் தகடு வாங்கும் முன்: வீணைக்கும் வயலின் வில்லுக்கும் கிதாருக்கும் எது பொருந்தும்?

புது வீணையில் தண்டி என்ற நீண்ட கழுத்தின் ஓரம் ஓடும் வெள்ளைக் கரை, பலகையில் நாதத் துளைகளைச் சுற்றியுள்ள பூவட்டம் இரண்டுமே இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். பாட்டி காலத்து வீணையைப் பார்த்தால் அதே இடத்தில் தந்தமோ மான்கொம்போ இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986இல் வந்த திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தை மூடியது. 1991இல் வந்தது ஆப்பிரிக்கத் தந்தத்தையும் மூடியது. தந்தம் கூடாது, பிளாஸ்டிக் பிடிக்கவில்லை, வேறு என்ன வைப்பது என்று கேட்பவருக்கு நல்ல பதில் முத்துச்சிப்பி ஓட்டின் உட்புறம். ஜப்பானில் நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டின் ஐந்து தந்தி பீவா என்ற மீட்டு வாத்தியம் ஒன்று இருக்கிறது. அதன் உடலெங்கும் சிப்பி இழைத்திருக்கிறார்கள், இன்றும் மின்னுகிறது. ஹாம்பர்க்கின் யோவாகிம் டீல்கே 17ஆம் நூற்றாண்டில் தன் கிதார்களிலும், வில்லால் வாசிக்கும் வயோல்களிலும் தந்தத்தோடு சிப்பியையும் பதித்தார். மார்ட்டின் நிறுவனம் 1933இல் முதன்முதலாகச் செய்த டி-45 கிதாரின் ஓரம் முழுக்க அபலோன் என்ற கடல் நத்தையின் சிப்பிதான். நம் வீணைக்கு மட்டும் இது ஆகாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் தப்பான தகட்டைத் தப்பான இடத்தில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

சென்னையில் வேலை செய்பவர் கைக்கு மூன்று வகைச் சரக்கு வருகிறது. ஓட்டிலிருந்து நேராக அறுத்த முழுச் சிப்பித் தகடு ஒன்று. மெல்லிய சிப்பி ஏடுகளைப் பசையில் அடுக்கி அழுத்திய அடுக்குத் தகடு இன்னொன்று. முத்துப்போல மின்னும் பிளாஸ்டிக் தகடு மூன்றாவது. பெரும்பாலும் இணையத்தில் ஆர்டர் செய்துதான் வருகின்றன. படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பளபளப்பைப் பார்த்து வாங்காமல் தடிமனைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் சாரம்.

முதலில் முழுச் சிப்பித் தகடு. வெள்ளை என்று விற்பது பிங்க்டாடா மாக்ஸிமா என்ற பெரிய முத்துச்சிப்பி. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் கிடைக்கும். ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், கெட்டியாகவும் இருக்கும். அதனால்தான் சமமான துண்டு அறுக்க முடிகிறது. ஓரத்தை ஒட்டி அறுத்த துண்டுகள் மஞ்சள் சாயலோடு வரும், அவற்றைத் ‘தங்கச் சிப்பி’ என்று தனியாக விற்பார்கள். சாம்பலும் பச்சையும் கலந்தது கருவுதட்டுச் சிப்பி. நீலம், பச்சை, இளஞ்சிவப்பு அலையலையாக ஓடுவது அபலோன். நியூசிலாந்தின் பாவா அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும்விட அடர்ந்த நிறம்.

நம் தூத்துக்குடிச் சிப்பியை ஏன் பயன்படுத்தக் கூடாது என்ற கேள்வி வரும். மன்னார் வளைகுடாவின் பிங்க்டாடா ஃபுகாட்டா முத்துக்குப் பேர்போனது. கொற்கை முத்து என்று சங்ககாலம் முதல் பாடப்பட்டது அதுதான். ஆனால் அதன் ஓடு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மெல்லியது, வளைந்தது. அதிலிருந்து 1.3 மி.மீ. தடிமனில் சமமான துண்டு எடுக்கப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் மிஞ்சும். அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஆகவே ‘தூத்துக்குடி முத்துச்சிப்பித் தகடு’ என்று யாராவது பெரிய துண்டு விற்றால் எந்த இனம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சங்கும் இதில் சேராது. சங்கின் ஓடு பீங்கான்போல வெள்ளையாக இருக்கும், உள்ளே வானவில் நிறம் ஓடாது.

அந்த வானவில் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் தானே குறையும். சிப்பியின் உள்ளடுக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். சுமார் அரை மைக்ரான் தடிமனுள்ள தகடுகள், செங்கல் சுவர்போல அடுக்கி, இடையே சாந்துக்குப் பதில் புரதம். ஒளியின் அலைநீளமும் இந்தத் தகட்டின் தடிமனும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால்தான் நிறம் பிறக்கிறது. சுண்ணாம்பு என்பதால் புளிப்பு பட்டால் கரையும். அடுக்கு என்பதால் சூடேறினால் ஏடு ஏடாகப் பிரியும். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுத் தகடு வழக்கமாக 1.3 முதல் 1.5 மி.மீ. தடிமனில் வரும். சமதளத்தில் இதற்கு ஈடே இல்லை. மேலே தேய்த்துச் சமப்படுத்தலாம், கீறலாம், பத்து வருடம் கழித்து மறுபடி பாலிஷ் போடலாம். வளைவில் நிலைமை வேறு. தட்டையான துண்டை வளைந்த மரத்தில் பதித்து, மரத்தின் வளைவுக்கே அதைத் தேய்க்கும்போது ஓரங்கள் நடுவைவிட மெலியும். எவ்வளவு மெலியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: துண்டின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப்போல 8 மடங்கால் வகுக்க வேண்டும். தண்டியின் அடிப்புறம் 50 மி.மீ. ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்காக 20 மி.மீ. அகலமுள்ள துண்டு வைத்தால் ஓரத்தில் 1 மி.மீ. போய்விடும். 1.3 மி.மீ. தகட்டில் மிஞ்சுவது 0.3 மி.மீ. அதைச் சுற்றியுள்ள மரக்குழியின் சுவரும் அங்கே 0.3 மி.மீ. உயரம்தான், நகம் பட்டாலே பெயரும். அதே இடத்தில் 10 மி.மீ. துண்டு வைத்தால் இழப்பு கால் மில்லிமீட்டர். 6 மி.மீ. என்றால் 0.1 கூட இல்லை. பெரிய அன்னம், பெரிய மயில் என்று தண்டியின் அடிப்புறத்தில் ஒரே துண்டாகக் கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது நல்லது. அன்னத்தை ஏழெட்டு இறகாகப் பிரித்துப் பதித்தால் அழகும் கூடும், ஆயுளும் கூடும்.

கிதாருக்கும் இதே கணக்குதான். 12 அங்குல ஆரமுள்ள விரல் பலகையில் 40 மி.மீ. அகலக் கட்டம் பதித்தால் ஓரத்தில் 0.65 மி.மீ. குறையும். அங்கே 1.5 தடிமன் வாங்க வேண்டும், 1.3 போதாது. 6 மி.மீ. வட்டப் புள்ளிகளுக்கு எந்தத் தடிமனும் சரி.

மதிப்பெண் என்று கேட்டால், வீணைப் பலகை, கிதார், வயலின் வில் இவற்றுக்கு முழுத் தகடு 5க்கு 5. தண்டியின் அடிப்புறத்துக்குப் பெரிய துண்டாக வைப்பதென்றால் 5க்கு 2.

அடுக்குத் தகட்டைப் பலர் போலி என்று ஒதுக்குகிறார்கள். அது அநியாயம். இதுவும் உண்மைச் சிப்பிதான், ஒவ்வோர் ஏடும் சுமார் 0.15 மி.மீ. ஏடுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, மேல் மேலாக அடுக்கி அழுத்துவதால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பாதி அளவுக்குக்கூடத் தகடு கிடைக்கிறது. அபலோன் ஓடு இயல்பிலேயே வளைந்தது என்பதால், அபலோனில் பெரிய துண்டு வேண்டுமானால் இதுதான் வழி. ஒற்றை ஏடாகவும் விற்கிறார்கள். அது வளைந்துகொடுக்கும், குடத்தின் வளைவிலும் யாளியின் கழுத்திலும் படியும்.

குறைகள் மூன்று. ஏடுகள் சேரும் கோடு கிட்டத்தில் பார்த்தால் தெரியும். வடிவத்தை வரையும்போதே அந்தக் கோடு இறகுப் பிரிவிலோ கொடி வளைவிலோ விழும்படி வைத்தால் மறையும். இரண்டாவது குறை பெரியது: தேய்ப்பதற்கு மேல் ஏடு 0.15 மி.மீ. மட்டுமே. வளைவில் தேய்த்தால் அடுத்த ஏடு தலைகாட்டி, வரைபடத்துச் சமஉயரக் கோடுபோல வளையம் வளையமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய முடியாது, பெயர்த்துவிட்டு வேறு வைக்க வேண்டும். ஆகவே அடுக்குத் தகட்டுக்குக் குழியின் ஆழம் துல்லியமாக இருக்க வேண்டும். மேலே துருத்தியிருப்பதைத் தேய்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் இங்கே செல்லாது. மூன்றாவது, ஒற்றை ஏடு ஒளியை ஊடுருவ விடும். பலா மரத்தின் மஞ்சள் கீழே இருந்து எழும்பி வெள்ளைச் சிப்பியைப் பழுப்பாகக் காட்டும். ஒட்டும் முன் ஏட்டின் பின்புறத்துக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்தால் நிறம் நிற்கும். அபலோனுக்குக் கறுப்புப் பூச்சு நல்லது, பச்சையும் நீலமும் ஆழமாகும். ஏட்டின் மேல் தெளிவான பாலிஷ் கட்டாயம். குடத்தின் வளைவுக்கு இது 5க்கு 4. கையோ வில்லோ உரசும் இடத்துக்கு 5க்கு 1.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, வெட்டச் சுலபம், மாணவர் வீணைக்குப் போதும். ஆனால் ‘முத்து’ என்று பெயர் போட்டு வரும் பழைய வகைத் தகடு செல்லுலாய்டு. துணியால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பதால். எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் மஞ்சளாகிச் சுருங்கும். சிதையத் தொடங்கினால் வெளிவரும் அமில ஆவி பக்கத்துப் பித்தளையையும் தந்தியையும் அரிக்கும். நல்ல வீணையில் வேண்டவே வேண்டாம்.

பார்சலைப் பிரித்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. தகட்டைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். முழுச் சிப்பியில் பழுப்புத் தோலின் மிச்சமோ, புழு துளைத்த ஊசித்துளையோ இருக்கலாம். துளை மேல்வரை வந்திருந்தால் அந்தத் துண்டு கழிவு, புள்ளிகள் வெட்ட வைத்துக்கொள்ளலாம். வெர்னியர் காலிப்பரால் நான்கு மூலையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து நீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்தாமல் வெட்டக் கூடாது. ஐயம் இருந்தால் பின்புறத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சிப்பியானால் நுண்ணிய குமிழ் கிளம்பும், பிளாஸ்டிக் சும்மா இருக்கும். உடனே கழுவிவிடுங்கள்.

அடுத்து ஒற்றை பல்புக்குக் கீழே தகட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் பளீரென்று எரியும், கால் சுற்று திருப்பினால் மங்கும். எரியும் திசையைப் பின்புறத்தில் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே கரையில் வரும் துண்டுகள் எல்லாவற்றுக்கும் அம்பு ஒரே திசையில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் செய்த வீணையை மார்கழிக் கச்சேரி மேடை விளக்கில் பார்த்தால் கரை பல்லுப் போன சீப்புபோலத் தெரியும். பட்டறை டியூப்லைட்டில் இது தெரியவே தெரியாது என்பதுதான் கொடுமை.

வெட்டுவதற்குப் பொற்கொல்லர் கையாளும் மெல்லிய ரம்பம் வேண்டும். சௌகார்பேட்டையில் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பிளேடு 3/0 எண், கால் மில்லிமீட்டர் தடிமன். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வடிவத்தைத் தாளில் வரைந்து தகட்டில் ஒட்டி, ‘வி’ வெட்டுள்ள பலகைமேல் வைத்து, ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். தள்ளினால் சிப்பி விரிசல் விடும். வளைவு வந்தால் ரம்பத்தை ஒரே இடத்தில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே தகட்டைத் திருப்பணும், ரம்பத்தைத் திருப்பக் கூடாது. பிளேடில் அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும். சிப்பித் தூசி நுரையீரலுக்குக் கேடு. என்-95 முகக்கவசம், ஈரத்துணி, வெளியே இழுக்கும் மின்விசிறி இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது.

வெட்டிய துண்டை மரத்தில் வைத்து கூர்முனையால் சுற்றிக் கீறி, கீறலில் சாக் பொடி தேய்த்தால் கோடு தெளிவாகத் தெரியும். குழி தோண்ட 1.6 மி.மீ. பிட், மூலைகளுக்கு 0.8 மி.மீ. பிட். ஆழம் தகட்டின் தடிமனைவிட 0.1 மி.மீ. குறைவு. பலா மரத்தில் வரும் பெரிய சிக்கல் பசை. ஃபெவிக்விக் மாதிரித் தண்ணீராக ஓடும் பசை பலாவின் நுண்துளைகளில் இறங்கிச் சுற்றிலும் கறையாக நிற்கும். பாலிஷ் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. குழியைச் சுற்றி முதலில் இரண்டு பூச்சு அரக்குப் பாலிஷ் கொடுத்துவிட்டு, மெதுவாக இறுகும் அரால்டைட்டில் ஒட்டுவது பாதுகாப்பு. ஒரு நாள் முழுக்க விட்டுவிடணும். கருங்காலியிலும் ஈட்டியிலும் இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து மறைக்கலாம். வெளிர்ந்த பலாவில் அந்தக் குழைவு கறுத்துத் தெரியும். அதற்கு நம் வீணைக்காரர்களின் பழைய வழிதான் சிறந்தது: துண்டைச் சுற்றி வேண்டுமென்றே கறுப்பு அரக்குக் கோடு ஒன்று ஓட விடுவது. தந்தத்தில் செய்த நகாசு வேலைக்கு அந்தக் கறுப்புக் கோடுதான் உயிர் கொடுத்தது. சிப்பிக்கும் அது பொருந்துகிறது, கிட்டத்தில் பார்த்தால் சிப்பியின் நிறம் இன்னும் தூக்கலாகிறது.

சமப்படுத்த அரம், பிறகு உப்புத்தாள் 220, 320, 400, 600, 1000, 2000 என்று படிப்படியாக. தாளுக்கு அடியில் கட்டை இருக்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் மரம் மட்டும் குழிந்து சிப்பி மேடாக நிற்கும். மின்சாரத் தேய்ப்பானை எடுக்காதீர்கள். சூட்டில் சிப்பி வெளுத்து ஏடு பிரியும்.

இனி சென்னைக் காற்று. வடகிழக்குப் பருவமழையில் மரம் ஊறும். அதே டிசம்பரில் குளிர்சாதன சபாவுக்குள் இரண்டு மணி நேரம் உலரும். மரம் இழையின் குறுக்கேதான் அதிகம் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் மிகக் குறைவு. சிப்பி ஊறுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே தண்டியின் நீளத்தில் ஓடும் கரை நிம்மதியாக இருக்கும். தண்டியைச் சுற்றி வளையமாக, மர இழைக்குக் குறுக்கே ஓடும் கரைதான் தெறிக்கும். அங்கே ஒரு துண்டு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். துண்டுக்குத் துண்டு மயிரிழை இடைவெளி விட்டு அரக்கால் நிரப்ப வேண்டும்.

வீணைக்கு மட்டுமே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மேளம் கட்டும்போது, அதாவது சுருதி பார்த்து மெட்டுகளை அமைக்கும்போது, மெழுகை உருக்கி 24 மெட்டுகளையும் நிறுத்துவார்கள். அந்த மெழுகுச் சட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் கரை ஓடுகிறது. அரால்டைட் 60 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டியே இளகத் தொடங்கும். சூடான கரண்டி தண்டியின் பக்கவாட்டில் பட்டால் கரை நகரும், சில நாளில் உதிரும். மேளம் கட்டுபவரிடம் கரை சிப்பி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரைமேல் ஈரத் துணிப்பட்டை ஒட்ட வைத்துக்கொண்டு வேலை செய்தால் போதும்.

வயலின் வில்லில் சிப்பி இருக்குமிடம் கைப்பிடிக் கட்டையான ஃப்ராக். பக்கத்தில் கண்போன்ற வட்டம், அடியில் முடியை மூடும் நழுவுத் தகடு. இந்தத் தகடு சுமார் 1 மி.மீ. கனம்தான், இரு ஓரமும் சாய்வாகச் சீவப்பட்டு வரிப்பள்ளத்தில் ஓடும். முடி மாற்றும்போது உடைவது இந்தச் சாய்வு ஓரம். மழைக்காலத்தில் கருங்காலி ஊறித் தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கத்தி நுனியால் நெம்பினால் உடைந்தது உடைந்ததுதான். வில்லை ஒரு நாள் குளிர்சாதன அறையில் வைத்துவிட்டு, ரப்பர் துண்டைத் தகட்டின் மேல் அழுத்தித் தள்ளினால் நழுவி வரும். புதுத் தகடு போடுவதென்றால் முழுச் சிப்பி மட்டும். அடுக்குத் தகட்டின் பசைக்கோடு சாய்வு ஓரத்தில் பிரியும். வியர்வை அதிகம் சுரக்கும் கைக்காரர்களுக்கு இந்தத் தகடு சில வருடத்தில் குழிந்துவிடும், வியர்வையின் லேசான புளிப்பே காரணம். வாசித்த பின் உலர்ந்த துணியால் துடைத்தால் ஆயுள் நீளும். சாக்ஸஃபோன் சாவிகளின் சிப்பிப் பொத்தான்களுக்கும் அதுவே பொருந்தும்.

வீட்டில் கெடுவது பெரும்பாலும் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பும்போது. மெட்டு கறுத்துவிட்டது என்று புளி, எலுமிச்சை, பித்தளைப் பளபளப்புத் திரவம் எதையும் சிப்பி பதித்த வீணையருகே கொண்டுவரக் கூடாது. ஒரு முறை வழிந்தாலே பளபளப்பு மங்கிச் சுண்ணாம்பாகிவிடும். சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமத்தைச் சிப்பியின் மேல் வைக்காமல் மரத்தின் மேல் வையுங்கள். கீறிய கோடுகளில் குங்குமம் ஏறினால் எளிதில் போகாது. விரலுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் சிப்பியைக் கெடுக்காது. ஆனால் விளிம்பில் இறங்கிவிட்டால், பின்னால் ஒரு துண்டு பெயரும்போது புதுப்பசை பிடிக்காது. குழியை மட்டும் பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, காய்ந்த பின் ஒட்ட வேண்டும். அசிட்டோன் பாலிஷில் பட்டால் பாலிஷ் கரையும், அதனால் துளிக்கூட வெளியே சிந்தக் கூடாது.

வாங்கும்போது ரசீதில் இனப்பெயர் எழுதச் சொல்லுங்கள். நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு நம் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருக்கிறது, 2017 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பிலும் இருக்கிறது. ஆமை ஓடும் அப்படியே தடை. வீணையோடு வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்களிடம் விமான நிலையத்தில் வெள்ளைக் கரையைக் காட்டித் தந்தமா என்று கேட்டால், ‘பிங்க்டாடா மாக்ஸிமா’ என்று எழுதிய ரசீது கையில் இருப்பது பெரிய உதவி.

எத்தனை துண்டு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு. தண்டியின் இரு பக்கமும் 80 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. அகலக் கரை என்றால் மொத்தம் 1.6 மீட்டர். 25க்கு 40 மி.மீ. அளவுள்ள ஒரு தகட்டில், ரம்பத்துக்கும் அரத்துக்கும் அரை மில்லிமீட்டர் விட்டுவிட்டால் ஏழு பட்டைகள் வரும். இரண்டு உடையும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பட்டை, அதாவது 20 செ.மீ. ஆக எட்டுத் தகடு. நிறம் பொருந்தாமல் ஒதுக்குவதற்கு இரண்டு கூட்டிப் பத்து. எல்லாவற்றையும் ஒரே தவணையில், ஒரே கட்டிலிருந்து வாங்கிவிடுங்கள். அடுத்த முறை வரும் சிப்பி இதே வெள்ளையாக இருக்காது.